இரண்டடி மேடை

பிச்சாட்டூருக்குச் சென்னையிலிருந்து போகிறவர்கள் ஊத்துக்கோட்டையைத் தாண்டி, சிவபெருமான் படுத்தபடி காட்சி தரும் சுருட்டப்பள்ளியையும் நாகலாபுரத்தையும் கடந்து போக வேண்டும். ஆரணியாற்று நீர்த்தேக்கம் இருக்கும் ஊர். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், அதன் பிறகு திருப்பதி மாவட்டம். வீட்டுக்குள் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுகிற குடும்பங்கள் இங்கே நிறைய. அப்படி ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் சித்தி மகள் இருபது வருடச் சேமிப்பைப் போட்டுப் புது வீடு கட்டியிருந்தாள். கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்பு போயிருந்தேன். வீடு முழுக்க சுண்ணாம்பு வாசனை. சமையலறையில் மட்டும் ஒரு சிறு கூட்டம்.

காரணம், புதிதாக வந்து இறங்கியிருந்த வாஷிங் மெஷின். முன்பக்கம் வட்டக் கதவு உள்ள வகை. அதற்கென்றே சமையல் மேடைக்குக் கீழே ஓரிடம் விட்டிருந்தார்கள். உயரத்தை மட்டும் யாரோ சொல்லிக் கேட்டு, மேடையை வழக்கத்தைவிடத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். ஆக, மெஷின் உள்ளே நுழைந்தது. ஆனால் முழுக்க நுழையவில்லை. பின்பக்கத்துக் குழாய் சுவரில் முட்டிக்கொள்ள, நான்கு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வந்த ஆள் இன்னும் கொஞ்சம் தள்ளினான். குழாய் மடங்கியது. தள்ளுவதை நிறுத்தினான்.

"மேஸ்திரி, மெஷின் வரும்னு நான் அப்பவே சொன்னேனே?" என்றாள் தங்கை.

"சொன்னீங்கம்மா. அதுக்குத்தான் எடம் விட்டேன். மேடை அகலம் எந்த வீட்டுக்கும் ரெண்டடிதான். எங்கப்பா காலத்துலேருந்து அதான் கணக்கு" என்றார் அவர்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் சொன்னது பொய்யில்லை. தென்னிந்தியா முழுவதும் சமையல் மேடை இரண்டடிதான். ஏன் இரண்டடி என்று யாரும் கேட்டதில்லை என்பதுதான் விஷயம்.

நம் ஊர்களில் அதற்கு ஒரு காரணம் கல். பக்கத்து மாவட்டமான கடப்பாவிலிருந்து வரும் கறுப்புக் கல்தான் தலைமுறைகளாக நம் சமையலறை மேடையும் அலமாரித் தட்டும். அந்தக் கல் பெரும்பாலும் இரண்டடி அகலத்தில் வெட்டியே விற்பனைக்கு வரும். கல்லின் அகலமே மேடையின் அகலமாகிவிட்டது. பிறகு கிரானைட் வந்தது. குப்பத்துப் பச்சையும் சீமகுர்த்திக் கறுப்பும் பெரிய பெரிய பலகைகளாகக் கிடைத்தன. எந்த அகலத்திலும் அறுத்துக்கொள்ளலாம். ஆனாலும் இரண்டடி மாறவில்லை.

இன்னொரு காரணம் வெகுதூரத்தில் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் தொழிலாளர்களுக்கு ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டினார்கள். அவற்றின் சமையலறையை 1926-ல் வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர். ரயிலில் உணவு தயாரிக்கும் பெட்டி எவ்வளவு சிறிய இடத்தில் எவ்வளவு வேலையை முடிக்கிறது என்பது அவருக்கு முன்மாதிரி. 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். அதற்குள் ஒரு முழுச் சமையலறை. சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது பொருத்தப்பட்டது. தொடர்ச்சியான மேடை, அதற்குக் கீழே அலமாரி, மேலே அலமாரி என்ற இன்றைய ஏற்பாட்டின் தாய் அதுதான். அந்த வழியில் வந்த ஐரோப்பியச் சமையலறை காலப்போக்கில் 60 சென்டிமீட்டரைத் தன் அலகாக வைத்துக்கொண்டது. மேடையின் ஆழம் 60. துணி துவைக்கும் மெஷினின் அகலம் 60. பாத்திரம் கழுவும் மெஷினின் அகலமும் 60. நம் இரண்டடி 61 சென்டிமீட்டர். எனவே இரண்டும் ஒன்றுதானே, பொருந்திவிடும் என்று தோன்றும்.

தோன்றுவதுதான். பொருந்தாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

முதலில் மேடையின் பக்கத்திலிருந்து பார்ப்போம். கல்லைப் பெரும்பாலும் செங்கல் சுவரை ஒட்டியே வைக்கிறார்கள். அதன்பிறகு மேடைக்குக் கீழே சுவருக்குப் பூச்சு. அதற்கு மேல் டைல். இரண்டும் சேர்ந்து ஓர் அங்குலம் போய்விடும். சில இடங்களில் கல்லையே ஓர் அங்குலம் சுவருக்குள் செருகுவார்கள். ஆக, மேலே இரண்டடியாகத் தெரியும் மேடைக்குக் கீழே உள்ள இடம் 57 அல்லது 58 சென்டிமீட்டர்தான்.

இப்போது மெஷினின் பக்கம். ஏழு, எட்டு கிலோ துணி துவைக்கும் முன்கதவு மெஷின்களின் ஆழம் பெரும்பாலும் 55 முதல் 60 சென்டிமீட்டர். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் இந்த எண் பல நேரங்களில் பெட்டியின் உடம்பு மட்டுமே. கதவின் புடைப்பு சேராது. பின்னால் தண்ணீர் வரும் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்சார வயர் இவை மூன்றும் மடங்காமல் இருக்க ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அதுவும் சேராது. கூட்டிப் பார்த்தால் 60 என்று வாங்கிவந்த மெஷினுக்கு 68, 70 தேவைப்படுகிறது. கிடைப்பது 57. தங்கையின் வீட்டில் நான்கு விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது மெஷினின் தவறும் இல்லை, மேஸ்திரியின் தவறும் இல்லை. இருவரும் சொன்ன எண்கள் அவரவருக்குச் சரி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாரும் இல்லை, அவ்வளவே.

"அப்படியானால் மேடையை இரண்டரை அடியாகப் போட்டுவிட்டால் போயிற்று" என்று தங்கையின் கணவர் சொன்னார். பணம் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதானே என்பது அவர் எண்ணம். ஆண்கள் எல்லோரும் இப்படித்தான் யோசிக்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் மேடைக்கு முன்னால் நின்று பழகியவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் சுமார் 152 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி. அவள் மேடையை ஒட்டி நின்று கையை முழுக்க நீட்டினால் எட்டுவது ஏறக்குறைய இரண்டடி. சிரமமில்லாமல் புழங்குவது அதில் பாதிக்குச் சற்று மேல். மேடை இரண்டரை அடியானால் பின்சுவரில் உள்ள ஸ்விட்சைப் போடவும் ஜன்னலைத் திறக்கவும் உப்பு டப்பாவை எடுக்கவும் அவள் வயிற்றை மேடையில் அழுத்திக்கொண்டு சாய வேண்டும். சாய்கிற இடத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். முந்தானையில் தீப்பிடித்த கதைகள் நம் எல்லோர் குடும்பத்திலும் ஒன்றாவது உண்டு. எரியும் அடுப்பைத் தாண்டிக் கை நீட்டுவது அவற்றின் தொடக்கங்களில் ஒன்று. ஆகவே மேடை ஆழம் என்பது அழகு விஷயமோ செலவு விஷயமோ மட்டும் இல்லை.

இடமும் ஒரு பிரச்னை. நம் தேசியக் கட்டட விதித் தொகுப்பு தனிச் சமையலறைக்குக் கேட்கும் குறைந்தபட்சப் பரப்பு 5 சதுர மீட்டர். குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர், ஆறடி. ஆறடி அகலச் சமையலறையில் ஒரு பக்கம் இரண்டடி மேடை போட்டால் நிற்க நான்கடி மிஞ்சும். எதிர்ப்பக்கமும் மேடை போட்டால் இரண்டடி. அந்த இரண்டடியில் முன்கதவு மெஷினின் கதவைத் திறந்து, எதிரே குந்தி உட்கார்ந்து, ஈரத் துணியை வெளியே இழுக்க முடியுமா? மெஷினுக்குத் தேவையான ஆழம் அது உட்காரும் இடத்தோடு முடிவதில்லை. அதன் முன்னால் மூன்றடித் தரையும் அதற்குச் சொந்தம். இதை எந்த வரைபடத்திலும் யாரும் குறிப்பதில்லை.

ஆழத்தைச் சொல்லிவிட்டு உயரத்தைச் சொல்லாமல் விட முடியாது; இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன. மெஷினின் உயரம் 85 சென்டிமீட்டர். நம் கொத்தனார்கள் வழக்கமாகப் போடும் மேடை 32 அங்குலம், அதாவது 81. மெஷின் கீழே போக வேண்டுமானால், கல்லும் அதைத் தாங்கும் பலகையும் சேர்த்து மேடையின் மேற்பரப்பு 91, 92-க்குப் போய்விடும். ஐந்தடிப் பெண்ணின் முழங்கை ஏறக்குறைய 95 சென்டிமீட்டரில் இருக்கிறது. மாவு பிசையவும் சப்பாத்தி தேய்க்கவும் காய் நறுக்கவும் முழங்கைக்கு ஒரு சாண் கீழேயாவது மேடை இருந்தால்தான் தோள் தாங்கும். தங்கையின் மேடையில் நின்று பார்த்தேன். கிரைண்டருக்குள் கையை விட்டு மாவை வழிக்க அவள் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் ஓடும் மெஷினுக்காக, தினமும் மூன்று வேளை நிற்கிறவளின் உயரத்தை மாற்றச் சொல்லியிருக்கிறோம்.

வெளிநாட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்கலாம். அங்கேயும் ஒரே வழி கிடையாது. இங்கிலாந்தில் வாஷிங் மெஷின் சமையலறை மேடைக்குக் கீழே இருப்பது சகஜம். அமெரிக்காவில் மெஷின்களே பெரியவை, 27 அங்குல அகலம். அவற்றுக்குத் தனி அறையோ தனி மூலையோ ஒதுக்குகிறார்கள். நம் வீடுகளுக்கு மெஷின் அமெரிக்கா வழியில் வந்ததா இங்கிலாந்து வழியில் வந்ததா என்பதைவிட, நமக்கென்று ஒரு வழி முன்பே இருந்தது என்பது முக்கியம். கொல்லைப்புறம், கிணற்றடி, துவைகல். துணிக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு முற்றம் இருந்தது. தங்கையின் மாமியார் திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அழுக்குத் துணிய அடுப்படிக்குக் கொண்டாரலாமாம்மா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். அதை ஆசாரம் என்று நாங்கள் சிரித்தோம். அதில் பாதி ஆசாரம்தான். மீதிப் பாதி நல்ல கட்டடத் திட்டம்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது எலெக்ட்ரீஷியன் ஒரு யோசனை சொன்னார். மெஷினுக்குப் பின்னால் பிளக் பாயின்ட் இருப்பதால்தானே இரண்டு அங்குலம் கூடுதலாக வெளியே வருகிறது. அதைப் பக்கத்துக் கட்டத்துக்கு மாற்றிவிடலாம் என்றார். யோசனை நல்லதுதான். குழாயையும் பிளக்கையும் பக்கவாட்டில் கொண்டுபோவதுதான் ஆழத்தை மிச்சப்படுத்த உலகெங்கும் செய்யும் வழி. ஆனால் பக்கத்துக் கட்டம் சிலிண்டர் வைக்க ஒதுக்கிய இடம். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு படியும், மூடிய கட்டத்துக்குள் தேங்கும். அங்கே ஒரு ஸ்விட்சின் பொறி போதும். சிலிண்டர் இருக்கும் கட்டத்தில் எந்த மின்சார இணைப்பும் இருக்கக்கூடாது. அதன் கதவில் தரையை ஒட்டிக் காற்றுப் போக வழி இருக்க வேண்டும். ஒரு சாண் இடத்துக்காக எவ்வளவு தூரம் போய்விடுகிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்த இடநெருக்கடி தங்கையின் வீட்டோடு நிற்பதல்ல. 1999-ல் ஆந்திராவில் தீபம் திட்டத்தின் கீழ் மகளிர் குழுக்களைச் சேர்ந்த ஏழைப் பெண்களுக்குக் காஸ் இணைப்பு கிடைத்தது. தரையில் இருந்த அடுப்பு பல வீடுகளில் அப்போதுதான் மேடைக்கு ஏறியது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2011 செப்டம்பரில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை அரசே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. இப்போது இதே திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீசிட்டியில், ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்யப்போகும் எல்.ஜி. ஆலைக்கு 2025 மே மாதம் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலை இருக்கிறது. மெஷின்கள் நம் வீட்டு வாசலிலேயே தயாராகின்றன. அவை போய் உட்கார வேண்டிய வீடு? மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டின் குறைந்தபட்ச அளவு, சமையல் இடமும் சேர்த்து, 25 சதுர மீட்டர். பொருள்களைக் கொடுக்கவும் விற்கவும் பலர் இருக்கிறார்கள். அவற்றை வைக்க மேடையை அளந்து கொடுக்க ஒருவரும் இல்லை.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த சில விஷயங்களைச் சொல்லி வைக்கிறேன். மேடையை எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் போட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அடுப்பும் நறுக்கும் இடமும் 60 சென்டிமீட்டரில் இருக்கட்டும். மெஷின் வரும் கட்டத்தை மட்டும் 70-க்கு முன்னால் இழுக்கலாம். அல்லது ஒன்பது அங்குலச் சுவராக இருந்தால், அந்த இடத்தில் நான்கு அங்குலம் உள்ளே மாடம் விடலாம். இதைச் செங்கல் வைக்கும்போதே முடிவு செய்து மேலே லின்டல் போட வேண்டும். கட்டிய சுவரைப் பிறகு குடையக்கூடாது. கட்டத்தின் உள் அகலம் 60 அல்ல, 63 இருக்க வேண்டும். ஓடும்போது மெஷின் அதிரும். மேலிருந்து மூடி திறக்கும் மெஷின் மேடைக்குக் கீழே எந்த அளவிலும் ஆகாது. இடம் போதாது என்று மெஷினின் மேல் தகட்டைக் கழற்றச் சொல்பவர்கள் உண்டு. அந்த மாடலின் கையேடு அனுமதித்தால் ஒழிய கூடாது. உள்ளே மின்சாரப் பாகங்கள் இருக்கின்றன.

ஃபிரிட்ஜை மேடை வரிசையில் அடைக்க நினைக்காதீர்கள். அதன் ஆழம் 65 முதல் 75 வரை போகும். முதுகுக்கும் விலாவுக்கும் காற்று வேண்டும். கதவு முழுக்கத் திறந்தால்தான் காய்கறித் தட்டு வெளியே வரும். மைக்ரோவேவ் அவனை மேடையில் வைத்தால் 60-ல் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். அதற்குச் சுவரில் தனித் தட்டு நல்லது, ஆனால் அடுப்புக்கு மேலே வேண்டாம். கிரைண்டருக்கு மேடை முனையில் ஆறு அங்குலம் தாழ்வாக ஒரு துண்டு போட்டுப் பாருங்கள். வாழ்நாள் முழுக்கத் தோள் உங்களை வாழ்த்தும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வரிசை. நாம் வீட்டைக் கட்டி, மேடையைப் போட்டு, கடைசியில் மெஷினை வாங்குகிறோம். மெஷினை வாங்க வேண்டியதில்லை. என்ன வாங்கப் போகிறோம் என்று முடிவு செய்து, கடைக்கு ஓர் அளவு நாடாவை எடுத்துப்போய், கதவின் புடைப்பிலிருந்து பின்குழாயின் முனை வரை அளந்து எழுதிக்கொண்டால் போதும். அந்தத் தாள் மேஸ்திரியின் கைக்குப் போக வேண்டியது கல் அறுக்கும் நாளுக்கு முன்பு. ஷூட்டே-லிஹோட்ஸ்கி அந்தச் சமையலறையை வரைவதற்கு முன் தாம் குடும்பம் நடத்தியதோ சமைத்ததோ இல்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அளந்தார். நம் வீடுகளில் மேடையை முடிவு செய்பவர்கள் சமைப்பதும் இல்லை, அளப்பதும் இல்லை; சமைப்பவளிடம் கேட்பதும் இல்லை. தங்கையிடம் வீட்டு நிறத்தைக் கேட்டார்கள், டைலில் பூ வேண்டுமா என்று கேட்டார்கள். உன் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று கேட்கவில்லை.

கிரகப்பிரவேசம் குறித்த நாளில் நடந்தது. மெஷின் அதுவரை கூடத்தில் ஒரு ஜமக்காளத்தின் கீழ் பூஜை சாமான்களைச் சுமந்துகொண்டிருந்தது. பிறகு பின்வராண்டாவில் நான்கு அங்குல உயரத்தில் ஒரு சிறு திண்ணை கட்டி, பக்கவாட்டில் குழாயும் பிளக்கும் கொடுத்து, சாரல் படாமல் தகரம் இறக்கி, அங்கே வைத்தார்கள். மூன்று எட்டு எடுத்து வைத்தால் துணி காயப்போடும் கொடி. மாமியாருக்குத் திருப்தி. சமையலறையில் காலியான கட்டத்தில் அரிசி டிரம் உட்கார்ந்துகொண்டது. ஆனால் மெஷினுக்காகத் தூக்கிய மேடை தூக்கியது தூக்கியபடியே இருக்கிறது. அதை இனி இறக்க முடியாது. மாவு வழிக்கும்போது ஏறி நிற்க ஒரு மரப்பலகையைக் கீழே போட்டிருக்கிறாள்.

போன மாதம் அதே தெருவில் இன்னொரு வீட்டுக்கு அஸ்திவாரம் எழும்பியிருந்தது. அந்த வீட்டுப் பெண் என் தங்கையிடம் யோசனை கேட்டு வந்தாளாம். தங்கை எதுவும் சொல்லவில்லை. கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு அவளோடு போய், சமையலறை வரப்போகும் மண் தரையில் மேடையை வரைந்தாள், மெஷினை வரைந்தாள், அதன் கதவு திறக்கும் வட்டத்தை வரைந்தாள். பிறகு நடுவில் அவளையே குந்தி உட்காரச் சொன்னாள். முதுகு எதிர்க்கோட்டில் இடித்தது.

"இப்பவே போய் மேஸ்திரியைக் கூட்டிட்டு வா" என்றாளாம்.